காற்று தடுத்தால் வேகம் கூடுமா?

ஜனவரி 6, திங்கள்

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. இந்த விடுமுறையில் என் ரவிக்கைகள் எல்லாம் பீரோவுக்குள் இருந்தபடியே சுருங்கிவிட்டன. மார்கழி மாதத்துச் சர்க்கரைப் பொங்கலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் இயற்பியல் துறைத் தலைவர் கோயில்பிள்ளை சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாது. நல்லது செய்யக் கிளம்பினால்தான் பயமாக இருக்கும்.

"கோமதி மேடம், ஒங்க பேப்பர பாக்க ஆளு வாராங்க. யுனிவர்சிட்டி கமிட்டி. முப்பதாந் தேதி."

என் பேப்பர் என்று அவர் சொல்வது 'கணினிவழி வானியற்பியல்'. மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு நான் சோதனை முறையில் ஆரம்பித்த பாடம். இதில் நான் பாடம் நடத்துவதே இல்லை. ஒரு கேள்வியைத் திரையில் போடுவேன், கீழே சில விடைகள், விடைக்கு ஒரு நிறம். பிள்ளைகள் தங்கள் விடையின் வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு, அடுத்தவனைப் பார்க்காமல் கண்ணை மூடித் தூக்க வேண்டும். பாதிப் பேர் தப்பாகத் தூக்குவார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். வேறு நிறம் தூக்கியவனைத் தேடிப் போய் ஒவ்வொருவரும் சண்டை போட வேண்டும். சண்டை ஓய்ந்ததும் மறுபடி அட்டை. கடைசியில் கணினியில் நிரலை ஓட்டி, கோளோ நட்சத்திரமோ உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று எல்லோரும் பார்ப்போம்.

சோதனைக் காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. குழு வந்து ஒரு வகுப்பைப் பார்க்கும். பிடித்தால் பாடம் நிலைக்கும். பிடிக்காவிட்டால், அடுத்த ஜூனிலிருந்து அதே மணிநேரத்தில் நான் பழையபடி நின்றுகொண்டு நோட்ஸ் சொல்ல, பிள்ளைகள் குனிந்துகொண்டு எழுத வேண்டும்.

'வகுப்பறையில் சந்தைக்கடை இரைச்சல்' என்று யாரோ புகார் வேறு கொடுத்திருக்கிறார்களாம். யாரோ என்ன யாரோ! பக்கத்து அறை வேதியியல்காரர்தான். எங்கள் சத்தத்தில் அவருடைய மாணவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். எந்த ஆசிரியருக்குத்தான் பொறுக்கும்?

பாடம் போனால் போகட்டும். எனக்கென்ன? நோட்ஸ் சொன்னால் தொண்டைக்குத்தான் வேலை. மூளைக்கு நல்ல ஓய்வு.

ஜனவரி 8, புதன்

என் வீட்டுக்காரர் பிச்சையா மின்வாரியத்தில் பொறியாளர். வோல்டேஜ் குறைந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

"ஏளா, சாம்பார்ல உப்பே இல்லயே."

"போட்டேனே. அளந்துல்ல போட்டேன்."

"அது காலைல காப்பில கெடந்துச்சு. நாந்தான் ஒண்ணும் சொல்லாம குடிச்சேன். என்ன, கமிட்டி ஞாபகமா?"

"கமிட்டியாவது ஒண்ணாவது. ஒரே மாதிரி ரெண்டு டப்பா வாங்கி வச்சது நீங்க."

அவர் உப்புக் கிண்ணத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். முப்பதாம் தேதி வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. நான் கவலைப்படவே இல்லை என்பதை இந்த மனிதருக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஜனவரி 10, வெள்ளி

என் ஆராய்ச்சியைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதே இல்லை. ஆராய்ச்சி ஓடினால்தானே எழுத! ஆய்வகக் கணினிகளில் ஒரு நட்சத்திரக் கூட்டத்தை ஓடவிட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் இழுக்கும். அதைக் கணக்குப் போட்டுப் போட்டுக் கணினிகள் ஆட்டுரல் மாதிரி முனகுகின்றன. ஈர்ப்பு விசைக்கு ஒரு குறும்பான குணம் உண்டு. இந்தக் கூட்டம் ஆற்றலை இழக்க இழக்க நடுவில் இருக்கும் நட்சத்திரங்கள் வேகம் பிடிக்கும். நான் இத்தனை வருடம் சோறு தின்பது இந்த ஒரு குணத்தை வைத்துத்தான்.

புனேயில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மறுபடி போன். முழுநேர ஆராய்ச்சி, பெரிய கணினி, வகுப்பே எடுக்க வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் இல்லாவிட்டால் என் முடி கொட்டிவிடும் என்று சொல்லிவிட்டேன். எதிர்முனையில் இருந்த வடநாட்டு விஞ்ஞானி இதைக் கடுமையான உடல்நலக் குறைவு என்று எடுத்துக்கொண்டு அனுதாபம் தெரிவித்தார்.

வகுப்பே எடுக்க வேண்டாமாம். இதை ஒரு சலுகை மாதிரி சொல்கிறார்கள்.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கியது. பாலைச் சொல்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றைய கேள்வி: சூரியன் அதே நிறையோடு (பிள்ளைகள் வாயில் அது எடை) திடீரென்று கருந்துளையாகிவிட்டால் பூமிக்கு என்ன ஆகும்? உள்ளே இழுபடும் என்பதற்குச் சிவப்பு. அதே பாதையில் சுற்றும் என்பதற்கு நீலம்.

சிவப்பு மலை மாதிரி எழுந்தது. முதல் பெஞ்சு பர்வீன் நீலம். பர்வீனுக்கு யாருடனும் சண்டை போடாத நாள் காய்ச்சல் வந்த நாளாகத்தான் இருக்கும். நேராகக் கடைசி பெஞ்சு சுடலைமணியிடம் போனாள்.

"ஏல, எதுக்கு சிவப்பு?"

"கருந்துளைன்னா முழுங்கத்தான செய்யும்? பேரே துளைல்லா?"

"எட அதேதான? எட மாறலைன்னா இழுவ எப்படில மாறும்?"

"கருப்பாயிட்டுல்லா."

"ஒங்க அப்பா சபரிமலைக்கு கருப்பு வேட்டி கட்டுனா எட கூடிருவாரா?"

வகுப்பே சிரித்தது. சுடலைமணி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சிவப்பை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தான்...

சரி, அது கிடக்கட்டும். மளிகைக்கடைக்குப் போக வேண்டும். உளுந்து, கடுகு, பெருங்காயம்.

ஜனவரி 24, வெள்ளி

குழு வருகிறது என்றால் எங்கள் கல்லூரியில் ஒரு சடங்கு உண்டு. எங்கிருந்தோ குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து வராந்தாவில் வரிசை கட்டும். சுவரில் தெரியும் உயரம் வரை மட்டும் வெள்ளையடிப்பார்கள். அப்புறம் ஒத்திகை. எந்தக் கேள்விக்கு யார் எழுந்து எந்தப் பதில் சொல்வது என்று பங்கு பிரித்துவிடுவார்கள். முன்பு ஒரு குழு வந்தபோது ஒரு மாணவனிடம் சும்மா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்கள். அவன் விறைப்பாக எழுந்து, "எங்கள் நூலகத்தில் நாற்பதாயிரம் நூல்கள் உள்ளன" என்றான். அவனுக்குக் கொடுத்த பதில் அது. என்ன செய்வான்?

கோயில்பிள்ளை சார் கேட்டார்: "மேடம், நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு ஒத்திகை பாத்துருவமா?"

"வேண்டவே வேண்டாம் சார். இந்த வகுப்புல பிள்ளைக மொதல்ல தப்பாச் சொல்லணும். அப்பத்தான் சண்ட வரும், சண்ட வந்தாத்தான் பாடம். ஒத்திகை பாத்தா எல்லாம் செத்துரும்."

"தப்பாச் சொல்லணுமா? கமிட்டி முன்னாலயா?" அவர் முகம் வெளிறிவிட்டது. பிறகு, "சரி மேடம். நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

அவர் 'சரி' சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. "ஃபைல்ல வைக்க அன்னைக்குப் போடப்போற கேள்வியெல்லாம் ஒரு காப்பி குடுங்க, விடையோட" என்றார். கொடுத்தேன்.

ஜனவரி 29, புதன்

நாகர்கோவில் கல்லூரி ஒன்றுக்கு வாய்மொழித் தேர்வு எடுக்கப் போய்விட்டு வந்தேன். நேந்திரங்காய் சிப்ஸ் அருமை. பேருந்திலேயே பை காலி. புதுச் சேலை ஒன்று வாங்கினேன். நாளைக்காக இல்லை, எப்படியும் ஒன்று வாங்க வேண்டியிருந்தது.

ஜனவரி 30, வியாழன்

மூன்று சேலை மாற்றிவிட்டு, முதலில் கட்டிய புதுச் சேலையையே மறுபடி கட்டிக்கொண்டு போனேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் நாச்சியப்பன், காரைக்குடிப் பக்கம். தங்க பிரேம் கண்ணாடி. இயற்பியலில் ஆழங்கால் பட்டவர் என்றும், சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றும் கேள்வி. மற்ற இருவரில் ஒருவர் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை சார் கடைசி பெஞ்சில், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

முதல் கேள்வியைப் போட்டேன். "கண்ண மூடுங்க. தூக்குங்க."

அத்தனையும் மஞ்சள். சூரியகாந்தித் தோட்டம் மாதிரி. சரியான விடை.

சரி, எளிய கேள்வி போலிருக்கிறது என்று இரண்டாவதைப் போட்டேன். அத்தனையும் நீலம். அதுவும் சரி. மூன்றாவது கேள்வியை நான் பாதி வாசிப்பதற்குள் எல்லாக் கையிலும் சிவப்பு. வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சண்டை போட ஆள் வேண்டுமே! எல்லோரும் ஒரே கட்சி.

நாச்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாருக்கும் எல்லாம் முன்னாலயே தெரியுதேம்மா. அப்புறம் இந்தப் பாடம் எதுக்கு?"

நான் பர்வீன் பக்கம் போய்க் குனிந்தேன். "என்ன நடக்கு?"

"நேத்து எச்.ஓ.டி. சார் வந்தாங்க மேடம்," என்று உதடு அசையாமல் சொன்னாள். "எந்தக் கேள்விக்கு எந்த கலர்னு மனப்பாடம் பண்ண வச்சாங்க. மேடத்துக்கு நல்லது செய்யணும்னா ஒருத்தரும் தப்பாத் தூக்கக் கூடாதுன்னாங்க."

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். கோயில்பிள்ளை சார் பூரித்துப்போய் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். அடிக்கவா முடியும்? கும்பிடத்தான் தோன்றியது.

தயார் செய்திருந்த மூன்று கேள்வியும் போச்சு. திரையை அணைத்தேன். என் நட்சத்திரக் கூட்டத்தின் குறும்பு மட்டும்தான் கையில் இருந்தது. அதையே சின்னதாக்கிப் பலகையில் எழுதினேன்: பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள். மெல்லிய காற்று உரசி அதைத் தடுக்கிறது. அதன் வேகம் என்ன ஆகும்? கூடும் என்றால் மஞ்சள், குறையும் என்றால் பச்சை, மாறாது என்றால் சிவப்பு.

"ஐயா, நீங்களும் தூக்கணும்" என்று குழுவுக்கும் அட்டைகளைக் கொடுத்தேன். பிஸ்கட்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

எங்கும் பச்சை. பர்வீன் பச்சை, நாச்சியப்பன் பச்சை, அவரைப் பார்த்துக் கோயில்பிள்ளை சாரும் பச்சை. ஒரே ஒரு மஞ்சள், சுடலைமணி.

"ஏன்டா மஞ்சள்?"

"சார் நேத்து சொன்ன கலர் தீந்துபோச்சு மேடம். அதான் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்."

"தடுத்தா குறையும். இதுல விவாதத்துக்கு என்ன இருக்கு?" என்றார் நாச்சியப்பன்.

"கணினியையே கேப்போம் ஐயா" என்றேன். திரையை மறுபடி போட்டு, என் நிரலைத் திறந்து நட்சத்திரங்களையெல்லாம் வெளியேற்றினேன். அந்த இடத்தில் பூமியும் ஒரு செயற்கைக்கோளும் மட்டும். காற்றின் தடையை ஒரு வரியாக அங்கேயே தட்டினேன். ஏசி குளிரில் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை தட்டி, அழித்து, மறுபடி தட்டினேன். எங்கள் வகுப்பில் ஏசி இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஓட்டினேன். வேகத்தின் கோடு திரையில் வந்தது. அழகாக, நிதானமாக, கீழே இறங்கியது.

குறைகிறது.

"பாத்தீங்களாம்மா?" நாச்சியப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். செல்போன்காரர் கைதட்டினார். மஞ்சள் என்று நான் காலமெல்லாம் நம்பியதை என் நிரலே பச்சை என்கிறது. புதுச் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜூன் மாதத்தில் நோட்ஸ் சொல்லும் என் குரல் எனக்கே காதில் கேட்டது.

"மேடம்," என்று பர்வீன் எழுந்தாள். "வேகத்த மட்டும் காட்டுறீங்களே, அது சுத்துற பாதையக் காட்டுங்க."

காட்டினேன். கோள் சுற்றிச் சுற்றி வெளியே, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"அதெப்படி மேடம்? காத்து தடுக்குதுன்னா கீழதான வரணும்? இது மேல ஏறுதே!"

"காத்தடிச்சா பட்டம் ஏறும்லா?" என்றான் சுடலைமணி.

"ஏல, பட்டத்துக்கு நூலு இருக்கு. இதுக்கு எங்க இருக்கு?"

"அப்ப பின்னால இருந்து யாரு தள்ளுதா?"

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் எழுந்து திரைக்கு அருகில் வந்தார்கள். நேற்றைய மனப்பாடம் உதிர ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பக்கத்து அறை வேதியியல்காரர் வாசலில் தலையை நீட்டி, குழுவைப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் திரும்பிப் போனார். நாச்சியப்பன் எழுந்து முதல் பெஞ்சுக்கே, பர்வீனிடம் போய்விட்டார்.

"நில்லும்மா. தடை எந்தப் பக்கம் இழுக்கும்?"

"பின்னால சார். போற தெசைக்கு எதிரா."

"அப்ப நிரல்ல?"

பர்வீன் திரையில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்தினாள். சட்டென்று கத்தினாள்: "பிளஸ்! சார், மேடம் பிளஸ் போட்டிருக்காங்க! மைனஸ்ல்லா வரணும்? இது காத்தே இல்ல சார், ராக்கெட்டு!"

பிளஸ்ஸை மைனஸ் ஆக்கி ஓட்டினாள். கோள் சுருண்டு சுருண்டு கீழே வந்தது. வேகத்தின் கோடு மேலே ஏறியது.

கூடுகிறது. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் நாச்சியப்பன் விடவில்லை. "அதெப்படி? தடுக்கத் தடுக்க எப்படிக் கூடும்? சொல்லுங்க யாராவது!" இரண்டாவது சண்டை அவரே ஆரம்பித்தது. பிஸ்கட்காரர் ஒரு கட்சி, செல்போன்காரர் ஒரு கட்சி. பிஸ்கட்காரர் செல்போன்காரரைப் பார்த்து, "உமக்கு நியூட்டனே தெரியாது வே" என்றதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

சுடலைமணி தலையைச் சொறிந்தான். "சார், பாபநாசம் எறக்கத்துல சைக்கிள்ல வரும்போது லேசா பிரேக் புடிச்சாலும் வேகம் கூடத்தான செய்யும்? அது மாதிரிதான். ஆனா இதுல என்னன்னா, பிரேக் புடிச்சதாலதான் அது எறங்கவே ஆரம்பிக்கி. காத்து புடுங்குறதவிட எறக்கம் குடுக்குறது ஜாஸ்தி."

நாச்சியப்பன் அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். நிஜமாகச் சிரித்தார், பல் தெரிய.

மறுபடி அட்டை. எல்லாம் மஞ்சள், ஒன்றைத் தவிர. கோயில்பிள்ளை சார், முதலில் தலைவர் தூக்கிய பச்சையை விடாமல் உயர்த்திப் பிடித்திருந்தார். தலைவர் கையில் மஞ்சள்.

மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தேநீர் ஆறி, ஆடை படிந்து, திரும்பச் சூடாகி வந்தது. குடிக்கும்போது நாச்சியப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த பிளஸ்... வேணும்னே போட்டதுதான?"

நான் தேநீரை ஒரு வாய் குடித்தேன். புன்னகைத்தேன். அதற்கு அவர் என்ன அர்த்தம் வைத்துக்கொண்டாரோ, அது அவர் சுதந்திரம்.

ஜனவரி 31, வெள்ளி

விடுப்பு. தூங்கினேன். நடுவில் எழுந்து முறுக்கு தின்றுவிட்டு மறுபடி தூங்கினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. பாடம் நிரந்தரம்! படித்து முடித்ததும் வராந்தாவில் நின்று "அப்பாடா" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. வேதியியல்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அவருக்கும் சேர்த்து இன்னொரு முறை சொன்னேன்.

ஒரு மாதமாக வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது. வாயுத்தொல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையின் கடைசிப் பத்தியை வீட்டில் நடிப்போடு வாசித்துக் காட்டினேன்: "ஆசிரியர் தம் நிரலில் திட்டமிட்டு ஒரு பிழையைப் புகுத்தி, அதை மாணவர்களே விவாதித்துக் கண்டறியச் செய்த உத்தி போற்றத்தக்கது. பிற ஆசிரியர்களும் இதைப் பின்பற்றலாம்."

பிச்சையா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏளா, நெசமாவே திட்டமிட்டா?"

"கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு வந்திருக்கு. மூணு பேராசிரியர் சொல்லுதத நம்ப மாட்டீங்க, இல்ல?"

"நம்புதேன், நம்புதேன்," என்று சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு எழுந்து அவரே காபி போட்டுக்கொண்டு வந்தார். நன்றாக இருந்தது. மனிதர் இத்தனை நாள் இந்தத் திறமையை மறைத்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

கோயில்பிள்ளை சார் காலையிலேயே என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் பரீட்சைக்குப் போகும் பையனின் கலவரம்.

"மேடம், பிரின்சிபால் சொல்லிட்டாங்க. இனிமே எல்லா வகுப்புலயும் அந்த உத்தி வேணுமாம். எனக்கும் ஒரு நாலு தப்பு எழுதிக் குடுங்களேன். ஒளியியல்ல. பரீட்சைக்கு வராத எடமாப் பாத்து."

"எழுதிக் குடுத்து?"

"வீட்ல ரெண்டு தடவ ஒத்திகை பாத்துக்கிடுதேன். மேடைல போயி மறந்து சரியாப் போட்டுட்டம்னா அசிங்கம்லா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை எண்ணினேன்.

"சார், நீங்க ஒண்ணுமே தயார் பண்ண வேண்டாம். எப்பவும் போல போயி நடத்துங்க. அதுவா வரும்."

"அப்படியா மேடம்? அவ்வளவுதானா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நன்றி சொல்லிவிட்டு, தோள் நிமிர்ந்து, வகுப்பைப் பார்த்து நடந்தார்.

அவரைக் கேலி செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். உண்மையான அனுபவத்தில்தான் சொன்னேன். எனக்கும் அன்று அது அப்படித்தான்...

மணி அடித்துவிட்டது. இதற்கு மேல் எழுத நேரமில்லை. நான் போவதற்குள் பர்வீன் ஆரம்பித்துவிட்டாள், இங்கே வரை கேட்கிறது.